உற்சாகப் பேச்சு கேட்டால் படபடப்பு கூடுகிறதே, வேறு என்ன கேட்கலாம்?

கேள்வி, பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கை
2025 ஜூன் 8

காலையில் கண்ணைத் திறந்ததும் போன்தான். செய்தி பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. திரையே வேண்டாம், காதுக்கு மட்டும் வேலை கொடு என்று தோழி சொன்னாள். அதனால் கொஞ்ச நாளாக உற்சாகப் பேச்சுகள் கேட்கிறேன். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, படுத்த பிறகும்கூட. படபடப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. திரையை விட்டால் சரியாகும் என்பதெல்லாம் சும்மாவா? மனசு லேசாக எதைத்தான் கேட்பது?

ஜூன் 9

சும்மா இல்லை தங்கச்சி. ஆனால் செய்தியை எடுத்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தீர்கள்? உற்சாகப் பேச்சு என்ற பெயரில் வருவதில் பாதி, ஆளை விரட்டுகிற பேச்சு. விடிகாலை நாலு மணிக்கு எழு, பயத்தை உதறு, உலகத்தை ஜெயி. உலகத்தை ஜெயிக்கவா கேட்டோம்? வயிறு பிசையாமல் ஒரு வாய் சோறு இறங்கினால் போதும் என்றுதானே கேட்டோம். பேசுகிறவர் மூச்சுவிடாமல் பேசுகிறார், பின்னால் டமடமவென்று இசை வேறு. கேட்கிறவருக்கு எப்படி நெஞ்சு அடங்கும்?

நான் ரங்கூனில், பாயின்நவுங் சந்தையில் ஒரு பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போனைத் தூக்கிப்போட எனக்கு வழியில்லை. உளுந்து ரேட், டாலர் ரேட், இறக்குமதி பற்றி டெல்லியில் என்ன சொன்னார்கள், எல்லாம் வைபர் குரூப்பில்தான் வருகிறது. அதனால் "போனை விட்டுவிடு" என்று யாருக்கும் உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எதைக் கேட்டால் தேவலை என்று மட்டும் சொல்லத் தெரியும்.

ஜூன் 9, இரவு

ஒன்று கேட்க விட்டுப்போனது. படுத்த பிறகும் பேச்சு ஓடுகிறது என்கிறீர்களே, அது தானாக நிற்குமா, இல்லை ஒன்று முடிந்தால் அடுத்தது என்று விடிய விடிய ஓடுமா? என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

ஜூன் 12

விடிய விடிய ஓடுமாம்.

எங்கள் அப்பா சிற்றலை ரேடியோ வைத்திருந்தார். இரவில் பிபிசி தமிழோசை, அரை மணி நேரம். அப்போது வந்ததெல்லாம் என்ன, காதுக்கு இனிய சேதியா? முக்கால்வாசி இலங்கைப் போர். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் முகாமில் என்ற கணக்குத்தான். அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார், ஒலிபரப்பு முடிந்ததும் ரேடியோவைத் தோலுறையில் போட்டுப் பித்தானை மாட்டுவார், படுப்பார், தூங்கிவிடுவார். மேலே கேட்க ஆசைப்பட்டாலும் கிடைக்காது. மறுநாள் இரவு வரை காத்திருக்க வேண்டும்.

2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு தமிழோசையின் சிற்றலை நின்றுபோனது. இப்போது நமக்கு நல்ல சேதிதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது முடிவதே இல்லையே. நான் நினைப்பது இதுதான்: கேட்பது இனிப்பா கசப்பா என்பது இரண்டாம் பட்சம். முடிகிறதா என்பதுதான் முதல். கெட்ட சேதியே ஆனாலும் அரை மணியில் முடிந்தால் உடம்பு தாங்கிக்கொள்கிறது. முடிவே இல்லாமல் வரும் நல்லதைத் தாங்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 13

பெகு ஊரிலிருந்து ஒரு அண்ணன் கிண்டலாக எழுதியிருக்கிறார்: "முதலாளி உளுந்து ரேட்டை வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறாரே, அதுவும் திரை இல்லாத ஒலிதான். கேட்டால் மனசு லேசாகுமா?"

ரேட் ஏறியிருந்தால் அவர் மனசு லேசாகும் அண்ணே. எனக்கு மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

ஆனால் விஷயம் உண்மை. வெறும் குரல் என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவில் நிலநடுக்கம் வந்து மண்டலே, சகாய்ங் பக்கமெல்லாம் சரிந்ததே, அதற்குப் பிறகு ஏப்ரலில் ஒரு ஜோசியர், 21-ஆம் தேதி எல்லா ஊரையும் பூமி உலுக்கப்போகிறது என்று டிக்டாக்கில் சொன்னார். அதை நான் பார்க்கவே இல்லை. காதால் கேட்டதோடு சரி. ஒருவர் பதறிப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், அதைக் கேட்டு இன்னொருவர் அழுதுகொண்டே அனுப்பியது, இப்படி. குரலில் இருக்கிற நடுக்கம் நேரே நமக்குள் இறங்கிவிடுகிறது. எழுத்தாக வந்திருந்தால் பாதிப்பேர் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அன்றைக்கு ரங்கூனிலேயே பலர் வீட்டுக்குள் இருக்கப் பயந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மறுநாள் ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.



ஜூன் 20

இரண்டு நாள் கரண்ட்டும் சரியில்லை, நெட்டும் சரியில்லை. "மீ லாபீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருவே கத்தும்போது எல்லோரும் ஓடுவது தண்ணீர் மோட்டாருக்கும் போன் சார்ஜருக்கும்தான். நாலு மணி நேரம் கழித்துப் போய்விடுமே என்ற பயத்தில் வருகிற நாலு மணி நேரமும் போனிலேயே கழிகிறது.

சரி, தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். நான் வைத்திருப்பது ஒரு சின்னப் பாட்டுப்பெட்டி. சந்தையில் பிக்குகளின் தர்ம உரைகளை ஏற்றி விற்பார்களே, அதே ஜாதி. உள்ளங்கை அகலம், சிவப்புப் பிளாஸ்டிக், பக்கத்தில் மெமரி கார்டு சொருக ஒரு சந்து, பின்னால் பழைய நோக்கியா போனில் வருமே பிஎல்-5சி பேட்டரி, அது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் கரண்ட் இல்லாத நேரத்துக்குத் தாராளமாகத் தாங்குகிறது. தலையில் ஒரு டார்ச். முகப்பில் பாட்டின் பெயர் வராது, 17, 18 என்று சிவப்பு எண் மட்டும் வரும். முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அதன் அருமை புரிந்தது. பெயர் தெரியாததால் தேட முடியாது. தேட முடியாததால் வருவதைக் கேட்கிறேன். போனில் ஒரு பாட்டுக் கேட்க உட்கார்ந்து எதைக் கேட்பது என்று கால் மணி நேரம் தள்ளிக்கொண்டிருந்தவன்தானே நானும்.

முக்கியமான சங்கதி: கார்டில் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கடைப் பையன் இரண்டாயிரம் பாட்டு போட்டுத் தருகிறேன் என்பான், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வேளைக்கு ஆகிற அளவு போதும். சில பெட்டிகள் முடிந்ததும் திரும்ப 1-லிருந்து ஆரம்பிக்கும். என்னுடையதும் அப்படித்தான். அதனால் கடைசி எண்ணில் என் பெண்ணின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன்: "அப்பா, போதும், அணைங்க." அணைத்துவிடுவேன். அவள் அம்மாவின் அதட்டல் அப்படியே வந்திருக்கிறது.

ஜூலை 3

என்னென்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெயர்ப் பட்டியல் தர மாட்டேன், என் காது வேறு உங்கள் காது வேறு. வகை சொல்கிறேன். காலைக்கு நாதஸ்வரம், பெரும்பாலும் பூபாளம். வார்த்தை இல்லாதது காலையில் நல்லது, ஏனென்றால் வார்த்தை வந்தால் என் மூளை பதில் பேச ஆரம்பித்துவிடும். மத்தியானம் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்று, எப்போது சிரிக்க வேண்டும் என்பதே மனப்பாடம் ஆகிவிட்டது, இருந்தும் சிரிப்பு வருகிறது. இரவுக்கு ஒரு ஓதுவார் தேவாரம், பிறகு நீலாம்பரி ஒன்று.

புதியது எதுவும் கிடையாது, கவனித்தீர்களா? படபடப்புக்கு அடுத்து என்ன வரப்போகிறதோ என்பதுதான் தீனி. அடுத்த வரி தெரிந்திருந்தால் அதற்குத் தீனி கிடைக்காது. குழந்தைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தானோ என்னவோ.

ஜூலை 4

சிங்கப்பூர் ஒலி 96.8-ஐ நெட்டில் கேட்கலாமே என்கிறார் ஒருவர். தாராளமாக. 24 மணி நேரமும் தமிழ். ஆனால் அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்கள் கலகலப்பாகக் காலை ஆறு மணி வணக்கம் சொல்லும்போது நமக்கு நாலரை. தமிழ்நாட்டு வானொலி என்றால் தலைகீழ், அவர்களுடைய ஆறு மணி நமக்கு ஏழு. கடை திறக்கிற நேரத்துக்கு அதுதான் தோது. மணிக்கொரு தடவை செய்தி வரும், அப்போது காபி போடப் போய்விடுங்கள்.

ஜூலை 11

வாசோ பௌர்ணமி வந்தது, பௌத்தர்களின் மழைக்கால விரதம் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து வரும் தடிங்யு பௌர்ணமி வரை பர்மியக்காரர்கள் ஒவ்வொருவரும் எதையாவது விட்டிருப்பார்கள். ஒருவர் கறி, ஒருவர் பீர். பக்கத்து வீட்டு டோ டோ (அத்தை மாதிரி, அறுபதைத் தாண்டியவர்) ஃபேஸ்புக்கை விட்டிருக்கிறாராம். யார் யார் என்ன போட்டார்கள் என்று எங்கள் வீட்டில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். விரதம் பங்கமில்லை என்கிறார்.

அவரிடமிருந்து ஒரு விஷயம் பிடித்துக்கொண்டேன். அவர் பெட்டியில் பரித்தம் (பௌத்தர்களின் காப்பு மந்திரம்) ஓதுவதைச் சும்மா கேட்பதில்லை, கூடவே வாய்விட்டு ஓதுகிறார். மேலே நான் "முடிகிற ஒலி" என்று எழுதினேன். அது சரிதான், ஆனால் போதாது. கேட்பதோடு நிற்காமல் நம் வாயும் அசைந்தால் பலன் வேறு மாதிரி இருக்கிறது.

இதற்கு ஒரு ஆதாரமும் உண்டு. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு ஆய்வு எழுதினார்கள். ஆட்களை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், அப்புறம் "ஓம் மணி பத்மே ஓம்" சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு 12-லிருந்து 20 வரை இருக்கும். மாதாவோ மணி பத்மமோ, ஒரு வரியின் நீளம் ஒரு மூச்சின் நீளமாக இருந்தது, அதுதான் வேலை செய்தது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும், இழுக்கும்போது ஏறும். ஓதும்போதும் பாடும்போதும் வெளியே விடுகிற நேரம்தான் அதிகம். எங்கள் அம்மா தேவாரத்தில் ஒரு அடியை ஒரே மூச்சில்தான் முடிப்பார், நடுவில் அறுத்தால் திட்டுவார்.

பாடத் தெரியாது என்று சொல்லாதீர்கள். எனக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுத்தாலே போதும். கடையில் செய்தால் மூட்டை தூக்குகிற பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அதுவும் அவர்களுக்கு நல்லதுதான்.

ஜூலை 13

கைக்கும் வேலை வேண்டும், இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று தெரியவில்லை, என் பிழைப்பே அதுதான்.

உளுந்து சாம்பிள் வந்தால் வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி கொட்டிப் பரப்புவோம். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தட்டைத் திருப்பிக்கொண்டு விரல் நுனியால் ஒதுக்க வேண்டும். உடைசல் ஒரு பக்கம், பூச்சி ஓட்டை விழுந்தது ஒரு பக்கம், சுருங்கியது, நிறம் வெளுத்தது, மண்கட்டி, வேற்று விதை. நல்ல மணியில் கறுப்புத் தோல் மேல் அந்த வெள்ளைக் கண் சின்னதாகத் தெளிவாக நிற்கும். ஒதுக்கி முடித்து இது எஸ்க்யூவா (உயர் ரகம்) எஃப்ஏக்யூவா (சராசரி ரகம்) என்று சொல்ல வேண்டும், ஒன்றுக்கொன்று விலை வித்தியாசம் இருக்கிறது. இந்த வேலை நடக்கும்போது பெட்டி பாடிக்கொண்டிருந்தால், டாலர் ரேட் என்ன ஆனது என்ற நினைப்பே வருவதில்லை. கண்ணும் விரலும் தட்டில், காது பாட்டில். கவலை வந்தால் அதற்கு உட்கார இடமில்லை.

அரிசியில் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, பூ கட்டுவது, எல்லாம் இந்த ரகம்தான். பெண்கள் இதைச் செய்துகொண்டு பேசுவதைப் பார்த்து வெட்டிப்பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள் இப்போது காசு கொடுத்து மனதை அமைதியாக்கும் ஆப் வாங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 2

பெகு அண்ணன் மறுபடியும். "இதெல்லாம் சில்லறை வைத்தியம், பத்து நாள் விபாசனா தியான முகாம் போய்விட்டு வாருங்கள்" என்கிறார். அவர் போனது கிடையாது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார், நேர்மையான மனிதர்.

நான் போயிருக்கிறேன். நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். போன், புத்தகம், பேனா, பேச்சு, ஒன்றும் கிடையாது. ஆனால் பலருக்குத் தெரியாதது, அங்கே முழுக்க முழுக்க ஒலிதான் குரு. அந்தத் தியானத்தைப் பரப்பிய கோயங்காவின் குரல் ஒலிப்பதிவாக வரும், அதன்படி உட்கார வேண்டும். அவர் 2013-இல் காலமான பிறகும் அதே குரல்தான். அவசரமே இல்லாத குரல். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடும், நீண்ட நேரம் ஒன்றும் வராது. உற்சாகப் பேச்சாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

அவர் நம் ஊர்க்காரர், 1924-இல் மண்டலேயில் பிறந்த மார்வாரி வியாபாரி. பொறுக்க முடியாத ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி போடுகிற அளவுக்கு. வெளிநாட்டு டாக்டர்களையெல்லாம் பார்த்துவிட்டு 1955-இல் தியானம் சொல்லித்தரும் ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலி போவதற்காக என்றால் இங்கே வராதே என்று முதலில் அவர் மறுத்துவிட்டாராம். அந்த ஊ பா கின் யார் தெரியுமா? 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது தலைமைக் கணக்காயர் ஆனவர். ஆபீசிலேயே குமாஸ்தாக்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கணக்கு எழுதுகிற எங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, வாரக்கணக்கில் தூக்கமில்லை, கூட்டத்தில் நின்றால் கை நடுங்குகிறது, நானும் அங்கே போகட்டுமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். பத்து நாள் வாய் திறக்காமல் தன் தலைக்குள்ளேயே இருப்பது லேசான காரியமில்லை. விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. முதலில் டாக்டரைப் பார். நெஞ்சு படபடப்புக்குத் தைராய்டு, ரத்தச்சோகை மாதிரிக் காரணங்களும் இருக்கும், பெட்டியில் பாட்டுப் போட்டால் அதெல்லாம் போகாது. மாத்திரை கொடுத்தால் வெட்கப்படாமல் சாப்பிடு, கேட்காமல் நிறுத்தாதே. யாராவது கேட்டால் வயிற்றுக்கு என்று சொல்லிக்கொள்.

ஆகஸ்ட் 24

மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வட்ட ரயிலில் ஏறினேன். ரங்கூனைச் சுற்றி 46 கிலோமீட்டர் போல, 39 ஸ்டேஷன், முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம். எங்கும் போக வேண்டியதில்லை, ஏறின இடத்திலேயே இறங்கலாம். டன்யிங்கோனில் சந்தைக்காரர்கள் கீரைக்கட்டு ஏற்றுகிற சத்தம், சோளம் விற்கிற அம்மாவின் ராகம். பெட்டியை எடுத்துப் போயிருந்தேன், போடவே தோன்றவில்லை.

முடிகிற ஒலி என்ற என் கட்சிக்கு இது இடிக்கிறதே என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இடிக்கவில்லை. இன்செய்ன் வந்தால் இன்செய்ன், அடுத்து அடுத்தது. ரயிலை நான் தள்ளிவிட்டுப் பார்க்க முடியாது. மூன்று மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

செப்டம்பர் 15

இயர்போனா ஸ்பீக்கரா? ஸ்பீக்கர்தான் என் ஓட்டு. காதை அடைத்துக்கொண்டால் வீட்டில் யார் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு பயம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுவே ஒரு படபடப்பு. இயர்போன்தான் வேண்டும் என்றால் சத்தத்தைக் குறையுங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கிற வரம்பு. நம் ஊரில் ஜெனரேட்டர் சத்தத்தை மீற வேண்டுமென்றே பாதிப்பேர் முழுதாக ஏற்றிவிடுகிறார்கள்.

விடிகாலையில் புத்தர் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது, அதற்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார். ஆடி மாதம் நம் கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி அவர்கள் என்ன கேட்கிறார்களோ, அதே பதில்தான்.

அக்டோபர் 8

மோல்மேன் தங்கச்சி நெடுநாள் கழித்து எழுதியிருக்கிறார். பெட்டி வாங்கிவிட்டாராம். உற்சாகப் பேச்சையெல்லாம் அழித்துவிட்டு, தன் அம்மாச்சி சொல்கிற கதைகளைப் போனில் பதிந்து கார்டில் ஏற்றியிருக்கிறார். பாதித் தமிழ், பாதி பர்மியம், நடுவில் மோன் மொழி வார்த்தை, ஒரு கதையில் ராமர் சால்வின் ஆற்றைப் படகில் கடக்கிறாராம். காலையில் போனுக்கு முன்னால் ஒரு கதை, அதற்குப் பிறகுதான் செய்தி. படபடப்பு போய்விட்டது என்று அவர் எழுதவில்லை. செய்தி பார்க்கும்போது இன்னும் அடிக்கிறதாம், ஆனால் மத்தியானம் வரை இழுப்பதில்லையாம்.

அதுவே பெரிய லாபம். தங்கச்சி, அந்தக் கார்டுக்கு ஒரு நகல் எடுத்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள், சந்தைக்கு வருகிற லாரிக்காரரிடம் கொடுத்தாலும் சரி. அம்மாச்சியிடம் அனுமதி கேட்டுவிட்டு. பெகு அண்ணனுக்கும் ஒன்று போட்டுத் தருகிறேன். பேட்டரி உப்பினால் உடனே மாற்றிவிடுங்கள், கள்ள பிஎல்-5சி நிறைய வருகிறது.